பழைய ஜீப்புக்கு பார்ட்ஸ் வாங்கப் போறீங்களா? 'மகேந்திரா டீசல்'னு மட்டும் சொன்னா போதாது!

பொட்டிப்புரம்:-

பொட்டிப்புரம் என்றால் வெளியூர் ஆட்களுக்கு நியூட்ரினோ ஞாபகம் வரும். உள்ளூர் ஆட்களுக்கு விடியற்காலை ஜீப் சத்தம்தான் ஞாபகம் வரும்.

பொட்டிப்புரம், ராமகிருஷ்ணாபுரம், தேவாரம், சிலமலை, ராசிங்காபுரம் என்று இந்தப் பக்கத்து கிராமங்களில் இருந்து கேரளாவில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். இருட்டோடு எழுந்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். தேவாரத்தில் இருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக நேர் ரோடு வேண்டும் என்பது இங்கே நீண்ட நாள் கோரிக்கை. ஜீப்புகள் போடிமெட்டையோ, கம்பம்மெட்டையோ சுற்றித்தான் போய் வந்திருக்கின்றன. போடிமெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த ரோட்டில் ஓடும் ஜீப்புகள் பலவும் 20 வயதைத் தாண்டியவை. சிலது டிரைவரை விட மூத்தது!

இப்படி ஒரு வண்டியில் கிளட்ச் பிளேட் தேய்ந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான பிளேட் கையில் இருந்தால் பட்டறையில் ஒரு நாள் வேலை. தப்பான பிளேட் வந்துவிட்டால்? கியர் பாக்ஸை இறக்கிப் போட்டு வண்டி பட்டறையில் கிடக்கும். பார்சல் மதுரைக்கு திரும்பப் போக வேண்டும். மாற்றுப் பொருள் வர வேண்டும். ஏலக்காய் சீசனில் அந்த நாலு நாள் டிரைவருக்கு டிரிப் இல்லை. அந்த ஒரு ஜீப்பை நம்பி ரோட்டு ஓரம் நிற்கிற ஆட்களுக்கும் கூலி இல்லை. இல்லாவிட்டால் வேறு ஜீப்பில் தொற்றிக்கொண்டு, ஏற்கனவே நெருக்கமான வண்டியை இன்னும் நெருக்க வேண்டும்.

கடைக்காரர் ஏமாற்றியதால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கடைக்கு போன் போட்டபோதே ஆரம்பித்துவிடுகிறது.

*ஒரே பேரு... உள்ளே எத்தனை வண்டி!*

கடையில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, ஜீப்புக்கு கிளட்ச் பிளேட் வேணும்."

"என்ன ஜீப்பு தம்பி?"

"மகேந்திராண்ணே."

"மகேந்திராவுல எது?"

"டீசல்ணே. 95 மாடல்."

இதற்கு மேல் கடைக்காரரால் என்ன செய்ய முடியும்? அலமாரியில் எது அதிகமாக விற்கிறதோ அதை எடுத்து நீட்டுவார். பொருந்தினால் அதிர்ஷ்டம்.

கம்பம் பள்ளத்தாக்கில் 'ஜீப்பு' என்பது ஒரு வண்டியின் பெயரே இல்லை. கமாண்டரும் ஜீப்புதான். மார்ஷலும் ஜீப்புதான். மேஜர், எம்.எம். 540, எம்.எம். 550, பொலேரோ எல்லாம் ஜீப்புதான். வேறு கம்பெனி வண்டியான டிராக்சையே ஜீப் என்று சொல்கிறவர்கள் உண்டு. டிராக்சில் இருப்பது மெர்சிடஸ் பென்ஸ் லைசென்சில் செய்த இன்ஜின். அதற்கும் மகேந்திராவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மகேந்திராவுக்குள்ளேயே கதை பெரியது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் கோர்த்து விற்க ஆரம்பித்த கம்பெனி அது. அந்த வழியில் வந்த பெட்ரோல் ஜீப்பில் இருந்தது 2199 சி.சி. 'ஹரிகேன்' இன்ஜின். பிறகு டிராக்டர் வழியில் வந்த டீசல் இன்ஜின். 1979-ல் பிரான்சு நாட்டு பியூஜோ கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி செய்த டீசல் இன்ஜின். அதற்குப் பிறகு அதிலேயே பெரியது. அப்புறம் 'டி.ஐ.' என்று எழுதி வந்த இன்ஜின். வெளியே பார்த்தால் அதே ஏழு பட்டை முகம், அதே மட்கார்டு. பானெட்டை திறந்தால்தான் உள்ளே இருப்பது யார் என்று தெரியும்.

வருஷம் சொன்னால் போதாது என்பது இதனால்தான். ஒரே வருஷத்தில் கம்பெனி 2, 3 இன்ஜின்களை வேறு வேறு வண்டிகளில் போட்டு விற்றிருக்கிறது. 2000-ம் ஆண்டு வந்த பொலேரோவிலேயே பியூஜோ இன்ஜின் வண்டியும் உண்டு, டி.ஐ. வண்டியும் உண்டு. போதாக்குறைக்கு ஆர்.சி.யில் நாம் பார்ப்பது பதிவு செய்த தேதி. டிசம்பரில் கம்பெனியை விட்டு வெளியே வந்த வண்டி அடுத்த வருஷம் மார்ச்சில் பதிவானால், டிரைவர் வாயில் வருவது அடுத்த வருஷ மாடல்தான். ஆர்.சி.யில் 'தயாரிப்பு மாதம், வருடம்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

*ஆர்.சி.யில் ஒளிந்திருக்கும் அந்த நம்பர்*

தயாரிப்பு தேதியை விட கெட்டியான இன்னொரு துப்பும் அதே ஆர்.சி.யில் இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. அது சி.சி.

மகேந்திரா ஜீப்புகளைப் பொறுத்தவரை சி.சி.தான் இன்ஜினின் ஜாதகம். 2112 என்று இருந்தால் அது பியூஜோ 'எக்ஸ்.டி.பி. 4.90'. டிரைவர்கள் 'போர் நைன்டி' என்று சொல்வது இதைத்தான். பேரிலேயே விஷயம் இருக்கிறது. 4 என்பது 4 சிலிண்டர். 90 என்பது பிஸ்டன் ஓடும் போரின் அகலம், 90 மி.மீ. எம்.எம். 540-ல் வந்தது இந்த இன்ஜின். 2498 என்று இருந்தால் அதன் அண்ணன், 'எக்ஸ்.டி.3.பி.' அதற்கு போர் 94 மி.மீ. 2523 என்று இருந்தால் டி.ஐ. இன்ஜின். போர் 88.9 மி.மீ. 2350 என்று இருந்தால் டிராக்டர் வழி வந்த பழைய டீசல்.

90, 94, 88.9... கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ரிங் செட்டும், பிஸ்டனும், ஹெட் கேஸ்கட்டும் வாங்கும்போது அந்த 4 மி.மீ.தான் தலையெழுத்து.

2523-லும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் வந்த பொலேரோவில் அதே 2523 சி.சி.யில் 'காமன் ரெயில்' இன்ஜின் வந்தது. பழைய டி.ஐ.யில் பம்ப், நாசில் எல்லாம் சாதாரண மெக்கானிக்கல். காமன் ரெயிலில் கம்ப்யூட்டர், சென்சார். சி.சி. ஒன்றுதானே என்று பழைய நாசிலை கேட்டு வாங்கினால் பணம் போச்சு.

ஆர்.சி. கையில் இல்லையா? பானெட்டை திறந்து ஹீட்டர் பிளக் இருக்கிறதா என்று பார்க்கலாம். பியூஜோ இன்ஜின்களில் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் சூடேற்ற ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. அதற்கு கரண்ட் கம்பி போகும். டி.ஐ. இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலையிலேயே பாய்வதால் அது தேவைப்படுவதில்லை. மெக்கானிக்குகள் எட்ட நின்று பார்த்தே 'இது பியூஜோ, இது டி.ஐ.' என்று சொல்வதில் மந்திரம் எதுவும் இல்லை.

*உடம்பு ஒருத்தருக்கு... இதயம் ஒருத்தருக்கு!*

இதுவரை சொன்னது, கம்பெனி கொடுத்த இன்ஜின் அப்படியே இருக்கும் வண்டிக்கு. ஏலமலை ஜீப்புகளில் அப்படி அப்படியே இருக்கிற வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல் விலை தாங்காமல் பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜினை இறக்கியவர்கள் உண்டு. போர் நைன்டி உட்கார்ந்த பிறகு, கிடைத்த டி.ஐ. இன்ஜினை ஏற்றியவர்கள் உண்டு. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று 4 கியர் பெட்டியை கழற்றிவிட்டு 5 கியர் பெட்டி வைத்தவர்கள் உண்டு. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய வண்டியை பிரித்து விற்கும்போது இன்ஜின் ஒரு ஊருக்கு, கியர் பாக்ஸ் ஒரு ஊருக்கு, ஆக்சில் ஒரு ஊருக்கு என்று போய்விடுகிறது.

இப்படி கை மாறிய வண்டியில் 'வண்டி என்ன மாடல்?' என்ற கேள்வியே தப்பு. 'இந்தப் பொருள் போய் உட்காரும் இடம் எந்த மாடல்?' என்று கேட்க வேண்டும். பிஸ்டன் வேண்டும் என்றால் இன்ஜின் எது என்று பார். பிரேக் ஷூ வேண்டும் என்றால் ஆக்சில் எது என்று பார். கதவு கண்ணாடி வேண்டும் என்றால்தான் வண்டியின் பெயர் உதவும்.

கிளட்ச் பிளேட்தான் இதில் பெரிய வம்பு. அது இன்ஜினுக்கும் கியர் பாக்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொருள். வெளி வட்டம் இன்ஜின் பக்கத்து பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். நடு ஓட்டையில் இருக்கும் பல், கியர் பாக்ஸ் ஷாப்டுக்கு பொருந்த வேண்டும். வில்லிஸ் காலத்து டி-90 பெட்டிக்கு முன்னால் போக 3 கியர்தான். பிறகு வந்த கே.எம்.டி. 90-க்கு 4 கியர். பியூஜோ வழியில் வந்த பி.ஏ.10-க்கு 5 கியர். பொலேரோ பக்கம் வந்தால் என்.ஜி.டி. வரிசை. பெட்டி மாறியிருந்தால் பல் மாறலாம். அதனால் கழற்றிய பிளேட்டின் வெளி விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, நடுவில் எத்தனை பல் என்று எண்ணி, இரண்டையும் கடையில் சொல்ல வேண்டும். எண்ண ஆரம்பித்த பல்லில் சாக்பீசால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஒன்று கூடக் குறைய வராது.

*அழுக்கைத் துடைத்தால் நம்பர் தெரியும்*

இன்ஜின் எது, சேசிஸ் எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வண்டியிலேயே குத்தி வைத்திருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 122-ல் 1993-ல் கொண்டு வந்த திருத்தப்படி, தயாரித்த மாதமும் வருஷமும் தெரியும்படி அடையாள எண்ணை வண்டியில் பதிக்க வேண்டும். அதற்கு முந்தைய வண்டிகளிலும் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருக்கும்.

இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் ரிவிட் அடித்த ஒரு தட்டு இருக்கும். அதில் மாடல் பெயரும் நம்பரும் இருக்கும். தட்டு பிய்ந்து போயிருந்தாலும் சேசிஸ் சட்டத்தில் குத்தியது போகாது. ஜீப்பில் பெரும்பாலும் முன் சக்கரத்துப் பக்கம் சட்டத்தில் இருக்கும். இன்ஜின் நம்பர் பிளாக்கில் ஒரு சமதளமான இடத்தில் இருக்கும். 30 வருஷத்து ஆயிலும் மண்ணும் படிந்து அந்த இடமே தெரியாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, கம்பி பிரஷால் லேசாக தேய்த்தால் தெரியும். கிரைண்டர் வைக்கவே கூடாது. நம்பர் அழிந்தால் அடுத்த எப்.சி.யில் பதில் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்து எழுதினால் தப்பு வரும். ஆர்.டி.ஓ. ஆபீசில் செய்வது போல, மெல்லிய பேப்பரை நம்பர் மேல் ஒட்டி பென்சிலைச் சாய்த்து தேய்த்தால் நம்பர் அப்படியே தடமாக வந்துவிடும். அதை போட்டோ எடுத்து வாட்ஸ்-அப்பில் அனுப்பினால் கடைக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் பிரச்சினை இல்லை.

கொஞ்சம் புது வண்டிகளில் சேசிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் முதல் 3 எழுத்து கம்பெனியைச் சொல்லும். 'எம்.ஏ.1' என்றால் மகேந்திரா. 'எம்.ஏ.3' என்றால் மாருதி. 'எம்.ஏ.டி.' என்றால் டாடா. இந்த 17-ல் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே உலக அளவில் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே வட்டமாக தெரிந்தால் அது பூஜ்யம்தான், சந்தேகமே வேண்டாம். 8-க்கும் பி-க்கும், 5-க்கும் எஸ்-க்கும்தான் கண்ணை நன்றாக திறந்து பார்க்க வேண்டும்.

மொபைலில் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டு பார்க்கலாமே என்று கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் அதில் சேசிஸ், இன்ஜின் நம்பர்களை முழுதாக காட்டுவதில்லை, பாதியை மறைத்துவிடுவார்கள். மாற்றி வைத்த இன்ஜின் எது என்று ஆப்புக்கு தெரியவும் தெரியாது.

*பாண்டிச்சேரி 'பி'யா? பெங்களூரு 'பி'யா?*

தமிழில் பேசுகிற நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலீஷில் அந்த இரண்டு எழுத்துக்கும் சத்தம் வேறு. நம் வாயில் இரண்டும் 'பி'தான்.

பியூஜோ இன்ஜினின் பேரு எக்ஸ்.டி.பி. அதில் கடைசி எழுத்து பாண்டிச்சேரி பி. எம்.எம். ஜீப்புகளில் 'எக்ஸ்.டி.பி.' என்று வால் வைத்த வண்டிகளும் உண்டு. அதில் கடைசி எழுத்து பெங்களூரு பி. அது இன்ஜின் பெயர் அல்ல, வண்டி ரகத்தின் பெயர். 550 வரிசையில் இந்த வால் உள்ள வண்டியில் பெரிய 2498 சி.சி. இன்ஜின் இருக்கும். போனில் 'எக்ஸ்.டி.பி. இன்ஜினுக்கு ரிங் செட் அனுப்புங்கண்ணே' என்று சொன்னால், இந்தப் பக்கம் நினைத்தது 94 மி.மீ., அந்தப் பக்கம் எடுத்து வைப்பது 90 மி.மீ. இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை!

சி.சி.யையும் சேர்த்து சொல்லிவிட்டால் இந்த வம்பே கிடையாது. 'எக்ஸ்.டி.பி., 2112' என்றால் ஒன்றே ஒன்றுதான்.

*மாருதியில் இது நடக்காது*

ஜீப்புக்கு சி.சி. பார் என்று சொன்னதை வைத்து மாருதி 800-க்கும் சி.சி. பார்த்தால் மோசம் போக வேண்டியதுதான். அங்கே கதை தலைகீழ். 1983 டிசம்பரில் வந்த முதல் வண்டியில் இருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை எல்லாமே 796 சி.சி. மாருதி ஆம்னியும் 796. பழைய ஆல்டோவும் 796.

1983-ல் வந்தது 'எஸ்.எஸ். 80' என்கிற பெட்டி போன்ற உடம்பு. 1986-ல் உடம்பே மாறிவிட்டது. முன் கண்ணாடி, கதவு, பம்பர் எதுவும் பழையதற்கும் புதியதற்கும் சேராது. 1997-ல் முகம் மாறியது. 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்.பி.எப்.ஐ. வந்தது. அதே சமயத்தில் 5 கியர் போட்ட, 12 வால்வு வைத்த ரகமும் வந்தது. ஆக 2000-ஐ ஒட்டிய மாருதி 800 என்றால் கார்புரேட்டர் 6 வால்வாக இருக்கலாம், எம்.பி.எப்.ஐ. 6 வால்வாக இருக்கலாம், எம்.பி.எப்.ஐ. 12 வால்வாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஆர்.சி.யில் 796-தான்.

இங்கே காப்பாற்றுவது இன்ஜின் நம்பரின் தலை. 'எப்.8.பி.' என்று ஆரம்பித்தால் 6 வால்வு. 'எப்.8.டி.' என்று ஆரம்பித்தால் 12 வால்வு. கார்புரேட்டரா, எம்.பி.எப்.ஐ.யா என்பதற்கு பெட்ரோல் பம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் கார்புரேட்டர். டேங்குக்குள் கரண்டில் ஓடினால் எம்.பி.எப்.ஐ.

அம்பாசடரிலும் இப்படி ஒரு கூத்து உண்டு. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்ற அந்தக் காரில் பழைய பெட்ரோல் இன்ஜினும் 1489 சி.சி., பழைய டீசல் இன்ஜினும் 1489 சி.சி. பிஸ்டன் கேட்கும்போது பெட்ரோலா டீசலா என்று சொல்லாவிட்டால் கதை கந்தல். 1990-களில் வந்த இசுசு இன்ஜின் வண்டிகள் தனி. அதில் பெட்ரோல் 1817 சி.சி. அந்த 1800 வண்டியில் கியர் ஸ்டியரிங்கில் இருக்காது, தரையில் இருக்கும். கதவைத் திறந்த உடனே தெரிந்துவிடும். மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்ற பெயர்களை முன் கிரில்லையும் பானெட்டையும் வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. அடிபட்ட அம்பாசடருக்கு கிடைத்த கிரில்லை மாட்டுவது எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது.

*இறக்கத்தில் விளையாட்டு வேண்டாம்*

கிளட்ச் பிளேட் தப்பாக வந்தால் பணமும் நாளும்தான் போகும். பிரேக் சாமான் தப்பாக வந்து, அதை எப்படியாவது மாட்டிவிட்டால்?

வீல் சிலிண்டர்கள் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். போல்ட் ஓட்டையும் சேரும். உள்ளே போர் மட்டும் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் சிறிது. இடது சக்கரத்தில் ஒரு அளவும் வலது சக்கரத்தில் ஒரு அளவும் இருந்தால், மிதித்த உடனே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சமவெளியில் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். போடிமெட்டு இறக்கத்தில், மழையில், பின்னால் 10 பேர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சமாளிப்பது? ஒரு ஆக்சிலில் சிலிண்டர் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே கம்பெனி மாட்டுவதுதான் சரி. சிலிண்டர் உடம்பிலேயே அளவு வார்ப்பில் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரில் ஒற்றை லைனா, இரட்டை லைனா, பூஸ்டர் உள்ளதா இல்லாததா என்பதையும் சொல்ல வேண்டும்.

4 வீல் டிரைவ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பின் ஆக்சில் கிரவுன், பினியன் போய்விட்டால் கிடைத்ததை மாட்டக் கூடாது. கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் வகுத்தால் 5.38. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.88. முன் ஆக்சிலில் என்ன கணக்கோ அதே கணக்குதான் பின்னாலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 4 வீல் போட்ட உடனே முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் என்று இழுத்துப் பறித்து நடுப்பெட்டி நொறுங்கிவிடும். வண்டி மாடல் தெரிந்தாலும் பல்லை எண்ணாமல் இதை வாங்கவே கூடாது.

*சாம்பிளும் பொய் சொல்லும்*

'கழற்றிய பழசையே கையில் கொண்டு போனால் போச்சு' என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் வழி. நல்ல வழிதான். ஆனால் அந்தப் பழசை அதற்கு முன் மாட்டியவர் சரியாகத்தான் மாட்டினாரா? ஓட்டையை அரம் போட்டு பெரிதாக்கி, வாஷர் கொடுத்து உட்கார வைத்த சாமானாக இருந்தால், அதைப் பார்த்து வாங்குவதும் அதே தப்புதான். ஒரு பார்ட் வழக்கத்தை விட சீக்கிரம் சீக்கிரம் போகிறது என்றால் முதலில் இந்த சந்தேகம்தான் வர வேண்டும். சாம்பிளில் உள்ள பார்ட் நம்பரை, இன்ஜின் நம்பரோடு சேர்த்து கடையில் கொடுத்து பட்டியலில் பார்க்கச் சொல்லலாம். டீசல் பம்பில் ஒரு சின்ன தட்டு இருக்கும். பம்ப் கடைக்காரர் முதலில் கேட்பது அதில் உள்ள நம்பரைத்தான். தட்டில் 'மைக்கோ' என்று இருந்தாலும் 'போஷ்' என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம். மைக்கோ கம்பெனிதான் 2008-ல் போஷ் என்று பெயர் மாறியது.

இன்ஜின் எது என்று கண்டுபிடித்த பிறகும் பிஸ்டன், பேரிங் விஷயத்தில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பழைய இன்ஜின் ஒரு தடவையாவது போர் போட்டிருப்பார்கள், கிராங்கை கிரைண்டிங் பண்ணியிருப்பார்கள். 'ஸ்டாண்டர்டா, ஓவர் சைசா' என்று கடைக்காரர் கேட்டால் லேத் பட்டறையில் அளந்து வாங்கிய அளவைத்தான் சொல்ல வேண்டும். கழற்றிய பேரிங்கின் முதுகில் 'எஸ்.டி.டி.' என்றோ 010, 020 என்றோ அடித்திருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

*ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப்போகுதா?*

நம்பரைத் துடைத்துப் பார்த்த பிறகு சிலருக்கு தூக்கிவாரிப் போடும். ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் ஒரு நம்பர்!

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறிப்போகும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் மாற்றினால் வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். 15 வருஷம் தாண்டிய சொந்த உபயோக ஜீப், காருக்கு மறுபதிவு கட்டணமே 2022 ஏப்ரல் 1-ல் ரூ.600-ல் இருந்து ரூ.5 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு பணம் கட்டி வண்டியைக் கொண்டு போய் நிறுத்தும்போது நம்பர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினால் யாருக்கு நஷ்டம்?

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த பென்சில் தடத்தை எடுத்து ஆர்.சி.யோடு வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் வெல்டிங் தழும்போ, அரம் போட்ட தடமோ இருந்தால் அந்த வண்டியின் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

போனில் ஆர்டர் போடும் டிரைவர்கள் கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வண்டிப் பெயர், தயாரித்த மாதம் வருஷம், சி.சி., இன்ஜின் நம்பர், எத்தனை கியர், இதற்கு முன் எதை மாற்றியிருக்கிறது. கூடவே கழற்றிய சாமானின் முன்பக்கம், பின்பக்கம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று என 3 போட்டோ. காசு அனுப்பும் முன், 'சேராவிட்டால் திருப்பி எடுப்பீங்களாண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். கரண்ட் சாமான்களை பல கடைகளில் திரும்ப வாங்குவதில்லை. மற்ற சாமான்களையும் கிரீஸ் படாமல், அட்டைப் பெட்டி கிழியாமல் இருந்தால்தான் எடுப்பார்கள். அதனால் பெட்டியைப் பிரித்தவுடன் மாட்டிப் பார்க்காமல், பழசின் மேல் புதுசை வைத்து அளவு பார்த்துவிட்டு, அதன் பிறகு மெக்கானிக் கையில் கொடுக்கலாம்.

எந்த இன்ஜின், எந்த பெட்டி, பேரிங் என்ன சைஸ், எந்த தேதியில் மாற்றியது என்று ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் கவர் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கும் டிரைவர்களும் இருக்கிறார்கள். வண்டியை விற்கும்போது ஆர்.சி., இன்சூரன்சோடு அந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.